வண்டி எண்ணிய நாள்

மற்ற கடைகளில் எல்லாம் சிவப்புக் கோடு வாசற்படியோடு நின்றுகொண்டது. மிஞ்சிப் போனால் ஷட்டரைத் தாண்டி ஒரு முழம் உள்ளே வந்திருக்கும். பொத்தான் கடையில் மட்டும் அது சொந்தக்காரன் மாதிரி நேராக உள்ளே நுழைந்து, அப்பா உட்காரும் ஸ்டூலுக்கும் சுவர் அலமாரிக்கும் நடுவே ஓடி, பக்கத்துச் சுவரில் முட்டி, அந்தப் பக்கம் செருப்புக் கடையில் மறுபடி முளைத்தது.

பெயிண்ட் அடித்த ஆள் குனிந்தவாக்கிலேயே, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றான். அப்பா காலைத் தூக்கிக்கொண்டார். ஸ்டூலுக்கு அடியில் பிரஷ் போய் வந்தது.

"இது எதுக்கு?" என்று ஊக்குதான் கேட்டாள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களோடது. இந்தப் பக்கம் தெரு."

"இந்தப் பக்கம்தானே நாங்க உட்கார்ந்திருக்கோம்?"

"ஆமா," என்றான் அவன், டப்பாவைத் தூக்கிக்கொண்டே. "தெருவுலதான் உட்கார்ந்திருக்கீங்க."

அவன் செருப்புக் கடைக்குப் போன பிறகும் அப்பா காலைக் கீழே வைக்கவில்லை. பெயிண்ட் காயட்டும் என்று இருந்தாரோ என்னவோ.

ஊக்கு என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். சின்ன வயதில் ஊக்கு மாதிரி ஒல்லியாக இருந்தாள், ஊக்கு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒல்லியும் போகவில்லை, பெயரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அந்தக் கடையில்தான் இருக்கிறாள். வீட்டில் வாய் திறக்காதவள், யாராவது விருந்தாளி வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்பவள், கடையில் மட்டும் பேசுவாள். "இந்தத் துணிக்கு இந்த நூல் சேராதுக்கா, வெளிச்சத்துக்கு வாங்க" என்று வாடிக்கைக்காரியைக் கையோடு தெருவுக்கு இழுத்துப் போய், வெயிலில் துணியையும் நூலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவாள். டியூப் லைட்டில் எல்லா நீலமும் ஒரே நீலம்தான்.

கடை என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த பொந்து அது. பின்சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கக் கண்ணாடி டப்பாக்கள், பொத்தான், கொக்கி, ஜிப், லேஸ், நூல்கண்டு. தெருவில் திறந்த சாக்கடை ஓடிய காலத்தில் எல்லாக் கடைக்காரர்களும் அதன்மேல் பலகைக்கல் போட்டு ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது கூடுதல் இடம். அப்பாவுக்கு அதுதான் இடமே. அலமாரி கட்டடத்தில் இருந்தது, அப்பாவும் மகளும் சாக்கடைமேல் இருந்தார்கள்.

இவ்வளவும் வந்தது அப்பாவின் யோசனையால்தான். தெருவில் அதைத் தெரியாதவர் இல்லை.

கோடைக்கு முன்னால் ஒரு பேச்சு கிளம்பியது. தெருவைச் சீர்படுத்தப் போகிறார்களாம். நடக்கிறவர்களுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் வசதி செய்யப் போகிறார்களாம். வண்டியே விடமாட்டார்களாம், இரண்டு முனையிலும் கம்பம் நட்டுவிடுவார்களாம். அன்று மாலையே கடைக்காரர்கள் செருப்புக் கடையில் கூடினார்கள். அங்கேதான் உட்கார நிறைய முக்காலி உண்டு.

"வண்டி வராட்டி எவன் வருவான்?" என்றார் செருப்புக் கடைக்காரர். "செருப்பு வாங்க வர்றவன் வெறுங்காலோட நடந்தா வருவான்?"

"எனக்குக் குடம் அண்டா வருதே, தலையில தூக்கிட்டு வரச் சொல்றியா?" என்றாள் பாத்திரக் கடை அக்கா.

அப்பா அதிகம் பேசாதவர். பொத்தானை எண்ணிப் போடுகிற மாதிரிதான் வார்த்தையைப் போடுவார். அன்று பேசினார்.

"வர்ற வாரம் வண்டி எண்ண ஆள் வருதாம். முனைக்கு ஒரு பொண்ணு நாற்காலி போட்டு உட்காருமாம். வண்டி கம்மின்னு எழுதிட்டா மூடிடுவாங்க. நிறைய வருதுன்னு காட்டணும். அவ்வளவுதானே? நம்ம கிட்ட வண்டி இல்லையா?"

செருப்புக் கடைக்காரர் எழுந்து வந்து அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பொத்தானுக்குள்ள இவ்வளவு மூளையாய்யா?"

எண்ணிய நாள் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மச்சான் ஸ்கூட்டர், மருமகன் கார், சம்பந்தி வீட்டு வேன், எல்லாம் வந்தன. தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறி, பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தன. செருப்புக் கடைக்காரர் மருமகனின் காரில் ஒரு சுற்றுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார், அடுத்த சுற்றுக்குக் கறுப்புக் கண்ணாடி. பாத்திரக் கடை அக்கா தன் ஸ்கூட்டரில் ஊக்கின் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றினாள். அம்மா பயத்தில் அக்காவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கடையைத் தாண்டும்போதெல்லாம் ஊக்கைப் பார்த்துச் சிரித்தாள். பிறகெல்லாம் அந்தச் சிரிப்பை ஊக்கு நினைத்துப் பார்ப்பாள். நினைத்தால் ஒன்றும் தோன்றாது. யாரோ ஒரு அம்மா யாரோ ஒரு வண்டியில் போன மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் முனையில் நின்று, இடைவெளி விழுந்தால் கையைக் காட்டி அடுத்த வண்டியை அனுப்பினார்.

நடுப்பகலில் எண்ணுகிற பெண்களில் ஒருத்தி சட்டைப் பொத்தான் அறுந்துபோய்க் கடைக்கு வந்தாள். ஊக்கு அதே ஜாடையில் ஒன்றைத் தேடி எடுத்து, நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுத்தாள்.

"இந்தத் தெருவுல எப்பவும் இப்படித்தானாக்கா?"

"ஆமா," என்றாள் ஊக்கு. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

"இவ்வளவு வண்டி ஓடுற தெருவை எப்படி மூட முடியும்? அப்ப நடக்கிறவங்க எங்க நடப்பாங்க?"

அதை ஊக்கு அப்பாவிடம் அப்படியே போய்ச் சொன்னாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை நாள் எங்க நடந்தாங்களோ அங்கேயே நடக்கட்டும்."

மழைக்காலம் தொடங்கும்போது முடிவு வந்தது. தெரு மூடப்படாது. இவ்வளவு வண்டி போகிற தெருவை மூட முடியாது. ஆனால் நடக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் அகல நடைபாதை வேண்டும். வண்டிக்கு விட்டது போக இடம் கடைகளின் முன்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். சாக்கடைமேல் கட்டியது எல்லாம் தெருவுக்குச் சொந்தம்.

கோடு போட்ட மறுநாள் ஊக்கும் அப்பாவும் ஆபீசுக்குப் போனார்கள். தெரு வேலையைப் பார்க்கும் அதிகாரி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார். நல்ல மனிதர். மூடிவிட்டு, உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு ஓடினது எல்லாம் எங்க வண்டிங்க சார்," என்றார் அப்பா.

"உங்க வண்டின்னா?"

"கடைக்காரங்க வண்டி. சும்மாவே சுத்திச் சுத்தி வந்தோம்."

"எதுக்கு?"

"மூடிடுவீங்கன்னு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சிரிப்பாரோ திட்டுவாரோ என்று ஊக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் செய்யவில்லை.

"மூடியிருந்தா ஜனங்க நடுத்தெருவுல நடந்திருப்பாங்க பெரியவரே. கடையில ஒரு கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம். அதுதான் முதல் பிளான்."

அப்பா தலையை ஆட்டினார். யாரோ பஸ் வரும் நேரம் சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

"திரும்ப எண்ண முடியாதா சார்?" என்று கேட்டாள் ஊக்கு. தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எண்ணலாம்மா. ஆனா ஒரு கடைக்காரர் மட்டும் வந்து சொன்னா எப்படி? தெருவுல பாதிப் பேராவது வந்து, நாங்கதான் ஓட்டினோம்னு சொல்லட்டும். நான் மேல பேசறேன்."

திரும்பும்போது தூறல் விழுந்தது. இருவரும் நனைந்துகொண்டேதான் நடந்தார்கள். குடை ஊக்கின் கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை.

நேராகச் செருப்புக் கடைக்குப் போனார்கள். அங்கே முன்வரிசைச் செருப்புகளை எல்லாம் எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோடு அங்கே மூன்று வரிசையைத்தான் தின்றிருந்தது. உள்ளே இன்னும் ஒரு கல்யாண மண்டபம் அளவு இடம் இருந்தது.

"வாங்க மூளைக்காரரே," என்றார் செருப்புக் கடைக்காரர்.

அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே ஒரு செருப்பைத் துடைத்தார், அதையே திருப்பித் திருப்பித் துடைத்தார்.

"நாங்க எல்லாரும் வரிசையா போய், சார், நாங்க தொப்பி மாத்தி மாத்தி வண்டி ஓட்டினோம், எங்களைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேருங்கன்னு சொல்லணும். அதானே?"

"சொன்னா கடை தப்பிக்கும்."

"யாரு கடை?"

அப்பா கீழே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதய்யா. எனக்கு மூணு வரிசை போகுது, பாத்திரக்காரிக்குப் படி போகுது. வலிக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா தெருவை மூடினா எனக்கு வியாபாரமே படுத்துடும். இப்ப வண்டியும் வரும், நடைபாதையும் வரும். நாலு பேர் நின்னு பார்த்துட்டு வருவான். உன் ஒருத்தனுக்காக எல்லாரையும் போய்க் கேட்டா, எவன் ஒத்துக்குவான்? நீயா இருந்தா ஒத்துக்குவியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

"மாமா, எங்களுக்கு உட்காரவே இடம் இல்ல," என்றாள் ஊக்கு.

அவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். "தெரியும்டா ஊக்கு. அதுக்குத்தான் யோசிச்சு வெச்சிருக்கேன். உள்ள அந்த மூலை சும்மாதான் கிடக்கு. உங்க டப்பாவையெல்லாம் கொண்டாந்து அடுக்கிக்கோங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்பா அந்த மூலையைப் பார்த்தார். பிளாஸ்டிக் செருப்புகள் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் தொங்கின.

"செருப்புக்கு நடுவுல பொத்தானா?" என்றார்.

வெகு நாளைக்கு அதுதான் அவர் பேசிய கடைசி வாக்கியம். அதற்குப் பிறகு 'ம்' என்றார், 'வேண்டாம்' என்றார். வாக்கியமாக எதுவும் வரவில்லை.

தெரு அவரை விடவில்லை. குழாயடியில் ஒருத்தர், "எங்க படி போனதுக்கு யாருக்கு மாலை போடணும்?" என்று கேட்டார். டீக்கடையில் ஒருத்தர், "இன்னொரு யோசனை இருந்தா சொல்லிடுங்க, வீட்டையும் இடிச்சுக்கறோம்" என்றார். அப்பா டீயைக் குடித்துவிட்டு வந்தார். மறுநாளும் போய்க் குடித்தார். அதற்கடுத்த நாள் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வீடு பின்சந்தில் இருந்தது, இரண்டு அறை. அம்மா முட்டை அவித்தாள், கீரை கடைந்தாள், துணி துவைத்தாள். மழையில் துணி காயாமல் வீட்டுக்குள் கொடி கட்டி, மூவரும் ஈரத் துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்தார்கள். அம்மா அப்பாவின் தட்டில் முட்டையை உரித்து வைப்பாள்.

"உப்பு போதுமா?"

"ம்."

"இன்னொண்ணு வைக்கவா?"

"வேண்டாம்."

அவர் சாப்பிட்டுவிடுவார். அதுதான் ஊக்குக்கு என்னவோபோல் இருந்தது. சாப்பிடாமல் எழுந்து போனால் ஏதாவது சொல்லலாம். தட்டைச் சுத்தமாக வழித்துவிட்டு எழுந்திருக்கிறவரிடம் என்ன சொல்வது?

"நீ அழவே இல்லையேடி," என்றாள் அம்மா ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"நீயும்தான் அழல."

"எனக்கு எங்க நேரம்? இந்தக் கீரையில பாதி புழு." சிறிது நேரம் கழித்து, "தையல் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். பெரியம்மா சொன்னா."

"நான் போய் அங்க யார்கூடப் பேசறது?"

"வேலைக்குப் போறது பேசறதுக்கா?"

கடையில் பேசுகிறோம் என்பதே ஊக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் யோசிக்க ஓடவில்லை. புழு இருந்த இலையை ஒதுக்கி வைத்தாள்.

இடிக்க வந்த அன்று மழை விட்டிருந்தது. துளை போடும் மெஷினோடு இரண்டு ஆட்களும், புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க ஒரு பெண்ணும் வந்தார்கள். ஊக்கும் அம்மாவும் டப்பாக்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குச் சுமந்தார்கள். அப்பா வீட்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வருகிற சாக்குகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் சத்தத்தில் தெரு முழுக்கப் பல் ஆடியது. ஷட்டர் ஒரே இழுப்பில் கீழே விழுந்தது. பலகைக்கல்லை நெம்பி எடுத்தபோது அடியில் பழைய சாக்கடை கறுப்பாகத் தெரிந்தது. அதற்குள் சின்னச் சின்னதாக ஏதோ மின்னியது. தண்ணீர் தெளிக்கிற பெண் குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா இது, காசா?"

"பொத்தான்," என்றாள் ஊக்கு. "கைதவறி விழுந்திருக்கும். கல் இடுக்கு வழியா."

"எடுத்துக்கலையா?"

"நாறும்."

மெஷின்காரன் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். "பின்னாடி அலமாரி இருக்கே, அதையும் கழற்றணுமா?"

"அது கோட்டுக்கு உள்ள."

"அட, ஆமா. அது உங்களோடது." அவன் கோட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பூனை படுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பஞ்சை அடைத்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு ஊக்கு சாக்கடை ஓரத்தில் நின்று கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். விரல் சுவரைத் தொட்டபோது முழங்கை கோட்டில் இருந்தது. முழங்கை அளவுக்குக் கடை இருக்கிறது. அவ்வளவுதான் தோன்றியது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது.

நடைபாதை போட்டு முடிக்க வெகு நாள் ஆயிற்று. சாம்பல் நிறக் கற்களை ஒன்றோடொன்று கோத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி வைத்தார்கள். முடிந்தபோது, மறைக்க முடியாது, தெரு நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவர்கள் கீழே இறக்கி நடக்கவிட்டார்கள். சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள் வந்தாள். இத்தனை நாள் எந்த வீட்டுக்குள் இருந்தாளோ தெரியவில்லை, மகன் தள்ள, ஒவ்வொரு கடையாக நின்று பார்த்தாள். வண்டி, வழக்கம்போல, நாலைந்துதான் வந்தது.

ஊக்கு தச்சரைக் கூப்பிட்டு அலமாரிக்கு முன்னால் தள்ளுகதவு வைக்கச் சொன்னாள். வெளியே திறக்கிற கதவு வைத்தால் நடைபாதைக்கு இடைஞ்சல், அதுவும் கூடாது. டப்பாக்களைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்துப் பழையபடி அடுக்கினாள். வெள்ளை மேல் தட்டில், கறுப்பு அதற்குக் கீழே. அம்மா உதவிக்கு வந்தாள். அப்பா வரவில்லை.

நடைபாதைக்கு ஒரு காவலாளி போட்டிருந்தார்கள். விசில், பச்சைச் சட்டை. முதல் நாளே வந்துவிட்டான்.

"ஸ்டூல் எடுத்திரும்மா."

"நான் எங்க உட்கார்றது?"

"கடை இருக்கலாம். கடைக்காரங்க உட்காரக்கூடாது. இது நடக்கிற இடம்."

"நின்னா?"

அவன் யோசித்தான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "வாங்கறவங்க நிக்கலாம்," என்றான் கடைசியில். "நீயும் வாங்கற மாதிரி நில்லு."

அன்றிலிருந்து அவள் வாங்குகிற மாதிரி நின்றாள். வாடிக்கைக்காரிகளோடு தோளுக்குத் தோள் நின்று, கையை நீட்டி டப்பாவை எடுத்து, பொத்தானை எண்ணிக் கொடுத்தாள். யாரும் இல்லாதபோது செருப்புக் கடை வரை நடந்துவிட்டுத் திரும்பினாள். கால் வீங்கியது. வியாபாரம் நடந்தது. பாத்திரக் கடை அக்கா தெருவைக் கடந்து வந்து, "அடிப்பாவி, சுவத்துல கடை வெச்சுட்டியே" என்று கன்னத்தைக் கிள்ளினாள். ஊக்கு சிரித்தாள். சிரித்த இடம் மரத்துப்போயிருந்தது.

அப்பா வந்தது ஒரு வெயில் நாளில். கூட்டம் இருந்தது. அவள் ஒருத்திக்கு ஜிப் தேடிக்கொண்டிருந்தாள், இரண்டு கையிலும் ஜிப். திரும்பியபோது அவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். உள்ளே வரலாம் என்றால் உள் என்று ஒன்று இல்லை.

ஒரு அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க முன்னாடியே வந்தீங்களா? கேளுங்க" என்று வழிவிட்டாள்.

அப்பா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அங்கேயே நின்றார்.

விசில் கேட்டது. "பெரியவரே, வழியில நிக்காதீங்க. வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லாட்டி நடங்க."

அது எங்கப்பா என்று சொல்ல ஊக்கு வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் திரும்பி நடந்தார்.

எல்லோரும் நடப்பது மாதிரிதான் நடந்தார். எதிரே ஓடி வந்த குழந்தைக்கு ஒதுங்கி வழிவிட்டார். செருப்புக் கடைக்காரர் உள்ளிருந்து ஏதோ கூப்பிட்டார். அவர் நிற்கவில்லை. முனையில், முன்பு வண்டிகளை அனுப்பிய அதே முனையில், வெள்ளைக்கோடு போட்ட இடத்தில் நின்று, ஒரு வண்டியும் வராதபோதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் திரும்பி வந்தார். கடைக்கு நேர் எதிரே வந்ததும் நடை மெதுவாயிற்று. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கடைக்குள் இருந்து தெருவைப் பார்த்தவர்.

"இது எட்டு அங்குலமா, பத்தா?" என்று கேட்டாள் ஜிப்காரி.

"எட்டு."

"பத்து வேணுமே."

"இருங்க, எடுக்கறேன்."

அவள் எடுத்துக் கொடுப்பதற்குள் அவர் அந்த முனையிலும் கடந்து, மறுபடி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். காவலாளி அவரைக் கவனிக்கவில்லை. நடக்கிறவரைக் கவனிக்க என்ன இருக்கிறது? கூட்டத்தை ஒட்டி, அவள் தோளை உரசுகிற மாதிரி வந்தபோது, நிற்காமல், அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"மேல் தட்டுல வெள்ளை குறையுது."

சொல்லிவிட்டு நடந்துகொண்டே போனார். ஊக்கு நிமிர்ந்து பார்த்தாள். குறைந்துதான் இருந்தது.